தேவன் மன்னித்த பிறகும் பாதிக்கப்பட்டவரிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

தாமதித்தவன் எழுதியது:

அன்புள்ள சகோதர சகோதரிகளே, நீண்ட நாள் தயக்கத்துக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தேன். ஒருநாள் பெரிய தொகை ஒன்று தவறான கணக்குக்குச் சென்றுவிட்டது. எனக்குக் கீழே பணிபுரிந்த ஒரு பெண் எழுதிக்கொடுத்த கணக்கு எண் சரியாகவே இருந்தது. அவசரத்தில் அதைத் திருத்தியவன் நான், திருத்திய பின் ஒப்புதல் அளித்தவனும் நான். விசாரணையின்போது பதிவேட்டில் அவருடைய பெயரே முதலில் இருந்ததால் சந்தேகம் அவர்மீது விழுந்தது. நான் பொய் சொல்லவில்லை. யாரும் என்னிடம் நேரடியாகக் கேட்கவுமில்லை. தான் சரியாகத்தான் எழுதியதாக அவர் அழுதுகொண்டே சொன்னபோது, நான் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் வேலையை இழந்தார். அடுத்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பல காலம் விலகியிருந்த விசுவாசத்துக்குத் திரும்பினேன். இந்தப் பாவத்தைப் பெயர் சொல்லித் தேவனிடம் அறிக்கையிட்டேன். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்ற வசனத்தைப் பற்றிக்கொண்டேன். அப்போது கிடைத்த சமாதானம் பொய்யானதல்ல என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் சென்ற மாதம் திருவிருந்துக்கு முன்பு மத்தேயு 5:23, 24 வாசிக்கப்பட்டது. பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, குறையுள்ள சகோதரனிடம் முதலில் போய் ஒப்புரவாகு என்ற அந்தப் பகுதியைக் கேட்டபின் என்னால் எழுந்து முன்னே போக முடியவில்லை.

ஜெபக்குழுவில் ஒரு நண்பரிடம் மட்டும் சொன்னேன். "கர்த்தர் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிட்டதை நீ தோண்டி எடுப்பது அவிசுவாசம்" என்றார். அவர் மீகா 7:19-ஐத்தான் சொல்கிறார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. அந்தப் பெண் இப்போது வேறு எங்கோ வேலை பார்ப்பதாகக் கேள்வி. ஆறிப்போன புண்ணைக் கீறி என் மனபாரத்தை அவர்மீது இறக்கி வைப்பது இன்னொரு சுயநலமாகிவிடாதா? தேவன் மன்னித்திருக்கிறார் என்றால் நான் இன்னும் எதைச் செலுத்த வேண்டியிருக்கிறது? செலுத்தினால், கிருபையை நம்பாமல் செயல்களை நம்புகிறவன் ஆகிவிட மாட்டேனா?

ஏடு புரட்டுபவர் எழுதியது:

சகோதரரே, உங்கள் கடைசிக் கேள்வியில் இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். தேவனுக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள கணக்கை நீங்கள் எதைக் கொடுத்தும் தீர்க்க முடியாது. அது கிறிஸ்துவினால் தீர்க்கப்பட்டது. அந்தப் பெண்ணுக்கும் உங்களுக்கும் இடையிலுள்ளது வேறு கணக்கு. முதலாவது தீர்ந்ததைக் காட்டி இரண்டாவதை அழித்துவிட வேதத்தில் எங்கும் வழி இல்லை.

லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். அயலானை ஏமாற்றி ஒன்றை எடுத்துக்கொண்டவன், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, அதனுடன் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். குற்றநிவாரணபலிக்கான ஆட்டுக்கடா அதன் பிறகே வருகிறது. ஆசாரியன் பாவநிவிர்த்தி செய்கிறான் என்பதால் அயலானுக்குரியது தள்ளுபடியாவதில்லை. எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: அநீதிக்கு உள்ளானவன் இல்லாமல் போய், அதைப் பெற்றுக்கொள்ள அவனுக்கு உறவினனும் இல்லையென்றால், அது ஆசாரியனிடம் செலுத்தப்பட வேண்டும் என்கிறது. பெறுபவர் இல்லாத நிலையிலும் கடன் கடன்தான். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் இதே எண்ணம் உண்டு: மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான பாவங்களுக்கு, அயலானைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாளும் நிவாரணம் தருவதில்லை. நீங்கள் கேட்ட மத்தேயு 5 இந்தப் பின்னணியில் பேசப்பட்டது.

"நான் பொய் சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிந்துகொள்வதாக எண்ண வேண்டாம். அந்த வாக்கியத்தை மட்டும் நீங்கள் கைவிட வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில், கண்டதையும் அறிந்ததையும் தெரிவிக்காமல் இருப்பவன் தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5:1 சொல்கிறது. மௌனத்துக்கு அங்கே தனி இடமே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற 51-ஆம் சங்கீதத்தின் வரியை யாராவது உங்களுக்கு எடுத்துக்காட்டக்கூடும். மனிதரைத் தாண்டித் தேவனிடம் மட்டும் பேசிவிட்டால் போதும் என்பதற்கு அது ஆதாரமாகப் பலமுறை பயன்படுத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைப்பை வாசியுங்கள். தாவீது பிறன் மனைவியான பத்சேபாளோடு பாவஞ்செய்த காரியமும், அதைக் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி வந்த காரியமும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு அரசன் தன் குற்றத்தைத் தலைப்பில் சுமக்கும் ஒரு பாட்டை ஆலயத்தின் இராகத்தலைவனிடம் ஒப்படைக்கிறான். அதைச் சபை மூவாயிரம் ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறது. இது தேவனோடு இரகசியமாக முடித்துக்கொண்ட காரியமாகத் தெரிகிறதா? பத்சேபாளின் கணவன் உரியா தாவீதின் ஏற்பாட்டினாலேயே இறந்துபோயிருந்தான், அவனிடம் போய்ச் சொல்லத் தாவீதுக்கு வாய்ப்பே இல்லை. உங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்று. "நான் பாவஞ்செய்தேன்" என்ற வார்த்தையைத் தாவீதுக்கு முன் அரசனாயிருந்த சவுலும் சொன்னான், தாவீதும் சொன்னான். சவுலின் வாக்கியம் 1 சாமுவேல் 15-இல் தொடர்கிறது: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்கிறான், சற்றுப் பின்னர், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் கேட்கிறான். தாவீதின் வாக்கியம் 2 சாமுவேல் 12:13-இல் "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்பதோடு நின்றுவிடுகிறது. காரணம் இல்லை, கோரிக்கை இல்லை. ஏதேனில் ஆதாம் சொன்ன பதிலிலும் உண்மை இருந்தது: ஸ்திரீயானவள் கொடுத்தாள், நான் புசித்தேன். இரண்டும் நடந்தவைதாம். ஆனால் "நான்" என்ற சொல்லை அவன் கடைசியில் வைத்தான். அதற்கு முன், "தேவரீர் தந்த ஸ்திரீ" என்று தேவனையும் குற்றத்துக்குள் இழுத்துவிட்டான்.

கிருபையா செயலா என்ற உங்கள் பயத்துக்கு, வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டில் பதில் இருக்கிறது. அவன் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்னதனால் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. இயேசு முதலில் அவனைப் பெயர் சொல்லி அழைத்தார், அவன் சந்தோஷத்தோடு அழைத்துக்கொண்டு போனான், அதன் பிறகே பணப்பை திறந்தது. நாலத்தனை என்ற அளவும் அவன் நினைத்தபடி சொன்னதல்ல. திருடப்பட்ட ஆட்டுக்கு நான்கு ஆடுகள் என்பது யாத்திராகமம் 22:1. ஏழையின் ஆட்டைப் பறித்த செல்வனைப் பற்றிய நாத்தானின் கதையைக் கேட்டுத் தாவீது கோபத்தில் விதித்த தண்டனையும் அதே நான்கு மடங்குதான். மன்னிப்பு கிடைப்பதற்காகச் சகேயு செலுத்தவில்லை. மன்னிக்கப்பட்டவனுக்கு இனி மறைக்க வேண்டிய தேவை இல்லை என்பதால் அவனால் செலுத்த முடிந்தது.

நடைமுறை வாசகர் எழுதியது:

மேலே சொல்லப்பட்டவற்றை ஏற்கிறேன். ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். இதில் பணமும் பணிநீக்கமும் சம்பந்தப்பட்டிருப்பதால், எழுத்தில் எதையும் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். தப்பிக்க வழி தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வார்த்தைகளால் அந்தப் பெண்ணுக்குப் புதிய சிக்கல் எதுவும் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு இது இன்னும் தெரியாது என்றால் அவரிடம் முதலில் சொல்லுங்கள். விளைவுகளில் பாதி அவருக்கும் வரும்.

மறைக்கல்வி ஆசிரியை எழுதியது:

இயேசுவுக்கே புகழ். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். ஆகவே எங்கள் வழக்கிலிருந்து சொல்கிறேன். ஒப்புரவு அருளடையாளம் என்றால், குருவிடம் போய்ச் சொல்லிவிட்டு மூன்று செபங்களைச் சொல்லி முடித்துக்கொள்வது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களும், வருத்தத்தோடு சொல்கிறேன், உள்ளே இருப்பவர்களில் பலரும் நினைக்கிறார்கள். மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றும் மனந்திரும்புகிறவரின் பங்கு. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459-ஆம் பத்தியில் இதைத் தெளிவாகவே சொல்கிறது: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் பாவம் விளைவித்த எல்லாச் சீர்கேடுகளையும் அது சரிசெய்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தருவதோடு, கெடுக்கப்பட்ட நற்பெயரை மீட்டுத் தருவதையும் அந்தப் பத்தி எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தப் பெண் இழந்தது ஊதியத்தைவிடப் பெரியது. கணக்கில் கவனமில்லாதவர், ஒருவேளை நேர்மையற்றவர் என்ற பெயரோடு அவர் அங்கிருந்து வெளியேறினார்.

திருப்பலியின் தொடக்கத்தில் நாங்கள் சொல்லும் பாவ அறிக்கையை உங்களுக்காக மெதுவாக வாசித்துப் பார்த்தேன். "எல்லாம் வல்ல இறைவனிடமும், சகோதர சகோதரிகளே உங்களிடமும்" என்று அது தொடங்குகிறது. இறைவனிடம் மட்டும் என்று இல்லை. பிறகு சிந்தனை, சொல், செயல் என்று வரிசையாகச் சொல்லி, "கடமையில் தவறியதாலும்" என்று முடிக்கிறோம். மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதினீர்களே, அது இந்த நான்காவதில் அடங்கும்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். உங்கள் நண்பர் கூறிய மீகா வசனம் உண்மையானது. அதை நீங்கள் இழந்துவிடக் கூடாது. உண்மையைச் சொல்லப் போகிறவருக்கு அந்த வசனம்தான் துணை. ஏற்றுக்கொள்ளப்படுவோமா என்ற பயத்தோடு போகிறவர் தன்னை நியாயப்படுத்தாமல் பேசுவது கடினம். ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்று அறிந்தவரால் மட்டுமே "ஆம், நான்தான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள முடியும்.

வரலாற்று மாணவன் எழுதியது:

தாமதத்தைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. அடிமைக் கப்பலின் தலைவராக இருந்து, பின்னர் ஆங்கிலத் திருச்சபையின் குருவானவராகி, இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதிய ஜான் நியூட்டனைப் பலர் அறிவார்கள். 1748-இல் கடற்புயலில் மனந்திரும்பினார் என்ற கதை எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. அதன் பிறகும் 1754 வரை அவர் அடிமை வணிகக் கப்பல்களில் போய்வந்தார் என்பதும், அந்த வணிகத்துக்கு எதிராக 1788-இல்தான் வெளிப்படையாக எழுதினார் என்பதும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. கடலை விட்டு 34 ஆண்டுகள் கழித்து எழுதிய அந்தச் சிற்றேட்டில், தம்முடைய அறிக்கை காலம் கடந்து வருகிறது என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் கப்பலின் உள்ளே தாம் கண்டதையும் செய்ததையும் அவர் சொன்னது, அந்த வணிகத்தை ஒழிக்கப் போராடியவர்களுக்கு வலுவான சாட்சியாக அமைந்தது. 1807-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் அதைத் தடை செய்த ஆண்டில்தான் அவர் இறந்தார். தாமதம் அவருடைய குற்றத்தின் ஒரு பகுதி. பேசாமலே இருந்துவிடுவதற்கு அதை அவர் காரணமாக்கவில்லை.

பெயர் மீண்டவள் எழுதியது:

இந்தக் கேள்வியை மூன்று முறை வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்தவள். நிறுவனமும் விவரமும் வேறு. ஆனால் செய்யாத ஒன்றுக்காக வெளியேற்றப்பட்டவள்.

முதலில், "ஆறிப்போன புண்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும், ஐயா? பல ஆண்டுகள் ஒவ்வொரு நேர்காணலிலும், முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கைகள் குளிர்ந்துபோகும். ஒருவேளை தவறு என்னுடையதாகவே இருந்திருக்குமோ என்று நானே என்னைச் சந்தேகித்த இரவுகள் உண்டு. யாரோ ஒருவருக்கு உண்மை தெரியும், அவர் சும்மா இருக்கிறார் என்று தெரியாமலே அந்த இரவுகளைக் கழித்தேன்.

என் விஷயத்தில் குற்றம் செய்தவர் இரண்டு முறை வந்தார். முதல் முறை நேரில் வந்து, ஒரு கூட்டத்தில் தேவன் தம்மைத் தொட்டதாகச் சொல்லி, நிறுத்த முடியாமல் அழுதார். "மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய அழுகை நின்றால் போதும் என்று சொல்லிவிட்டேன். அவர் இலேசாகிப் புறப்பட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. என் பெயர் அந்தக் கோப்பில் அப்படியேதான் இருந்தது. அதோடு இப்போது நான் ஒரு பொய்யும் சொல்லியிருந்தேன். ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று சபையில் சிலர் எனக்கு நினைவூட்டினார்கள். கடன் வாங்கியவர் ஒருவர், வசூலிக்கப்பட்டவள் நான் என்று தோன்றியது. லூக்கா 17:3-இல் "அவனைக் கடிந்துகொள்" என்றும் ஒரு பகுதி இருக்கிறது. அதை யாரும் எனக்கு நினைவூட்டவில்லை.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கண்ணீர் எதுவும் அதில் இல்லை. இன்ன நாளில் இன்னதைச் செய்தேன், அதற்கு நீங்கள் பொறுப்பல்ல, இதை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதன் நகல் இத்துடன் இருக்கிறது என்று மட்டும் இருந்தது. பதில் எழுத வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார். அந்த நகலை என் தாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார்.

அன்றே மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை. கர்த்தருடைய ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது பல மாதங்கள் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறேன். சுற்றியிருந்தவர்கள் சொல்லி முடித்தபின் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். ஒருநாள் அந்த வரியையும் சொல்லிவிட்டேன் என்பதை வீட்டுக்குப் போகும் வழியில்தான் கவனித்தேன். யாரும் கேட்காத நேரத்தில் வந்ததால்தான் அது உண்மையாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே, செல்லுங்கள். ஆனால் நிர்வாகத்துக்கு எழுதுவதை முதலில் செய்யுங்கள், அவரிடம் போவதைப் பிறகு செய்யுங்கள். முதலில் அவரிடம் போனால், நிர்வாகத்திடம் சொல்ல வேண்டாம் என்று அவர் இரக்கப்பட்டுத் தடுத்துவிடலாம், அல்லது உங்களுக்கே தைரியம் குறைந்துவிடலாம். அவருடைய பெயர் சரிசெய்யப்படுவது அவர் உங்களை மன்னிப்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

தாமதித்தவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகச் சகோதரிக்கு. ஆறிப்போன புண் என்று எழுதியது தவறு. அது என்னுடைய வசதிக்காக எழுதப்பட்ட சொல்.

என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார். ஆறு ஆண்டுகளில் அந்தப் பெயரை வீட்டில் உச்சரித்தது அதுவே முதல் முறை. வழக்கறிஞரையும் பார்த்தேன், வேலை போகலாம், தொகைக்கு நான் பொறுப்பாக்கப்படலாம் என்றார்.

நிர்வாகத்துக்கான கடிதத்தை எழுதி முடித்து, ஏடு புரட்டுபவர் சொன்ன ஆதாமின் பதிலை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒன்றரைப் பக்கத்தில் "சூழ்நிலை" என்ற சொல் நான்கு முறையும், "வேலைப்பளு" இரண்டு முறையும் வந்திருந்தன. அவற்றை நீக்கியபின் கடிதம் முக்கால் பக்கமாகச் சுருங்கியது. திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன்.

அந்தப் பெண்ணுக்கான கடிதத்தில்தான் தயங்கி நிற்கிறேன். மன்னியுங்கள் என்று கேட்காமல் விட்டால் திமிராகத் தோன்றாதா? கேட்டால், சகோதரி சொன்ன அந்த வசூலாகிவிடுகிறது.

பெயர் மீண்டவள் எழுதியது:

"நான் செய்தது தவறு, அதற்காக வருந்துகிறேன்" என்று எழுதுங்கள். அது உங்களுடைய வாக்கியம். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவருடைய வாக்கியம்; அதை நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டாம். நிர்வாகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகலை இணையுங்கள். நீங்கள் பொறுப்பேற்றதை, அவரிடம் எதிர்காலத்தில் யார் கேட்டாலும் அவர் காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் முகவரியைக் கீழே எழுதுங்கள், பதிலுக்கான உறையை மட்டும் வைக்காதீர்கள்.